கல்லுக்கும் முதுகு உண்டு

அடுத்த தடவை, பளபளவென்று கல் பதித்த ஏதாவது ஒரு கட்டடத்துக்குப் போனால் ஒரு சின்னக் காரியம் செய்யுங்கள். வாட்ச்மேன் பார்க்காத நேரமாக, சுவரை விரல் முட்டியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். 'தட் தட்' என்று அடைத்த சத்தம் வந்தால், கல்லுக்குப் பின்னால் சாந்து நிறைந்திருக்கிறது. தேங்காய் மூடியைத் தட்டினாற்போல் 'டொக் டொக்' என்று கேட்டால் பின்னால் காலி.

காலியில் இரண்டு ஜாதி. வேண்டுமென்றே இடைவெளி விட்டு, ஸ்டீல் கொக்கிகளில் மாட்டிய கல் ஒரு ஜாதி. ஒட்டினது விட்டுப்போய், விழுவதற்கு நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருக்கும் கல் இன்னொரு ஜாதி. எதிர்ப் பிளாட்பாரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே அழகு. அதுதான் சங்கடம்.

ஒரு சினிமா வந்தால் இடைவேளைக்குள் விமரிசனம் வந்துவிடுகிறது. ஐம்பது வருஷம் நம் தலைக்கு மேலே நிற்கப்போகிற கட்டடத்துக்கு மட்டும் 'எலிவேஷன் சூப்பர்' என்று இரண்டே வார்த்தையில் முடித்துக்கொள்கிறோம். இந்த வாரம் அந்த எலிவேஷனைக் கொஞ்சம் திருப்பி, அதன் முதுகைப் பார்க்கலாம்.

இப்போது புதிய கட்டடங்களுக்கு விற்கப்படுகிற சரக்கு, எடை குறைந்த இயற்கைக் கல் பலகை. "ஒரிஜினல் கல்லு சார், ஆனா வெயிட்டே இருக்காது" என்பார்கள். பொய் இல்லை. முப்பது மில்லிமீட்டர் தடியான கிரானைட் பலகை ஒரு சதுர அடிக்கு ஏழரை கிலோ. புதுப் பலகையில் கல்லின் தடிமன் ஐந்தாறு மில்லிமீட்டர்தான். பின்னால் தேன்கூடு மாதிரி அறைகள் கொண்ட அலுமினியத் தகடு, நடுவில் எபாக்ஸிப் பசை. எல்லாம் சேர்த்துச் சதுர அடிக்கு ஒன்றரை கிலோ சொச்சம். பத்தாயிரம் சதுர அடிச் சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் 75 டன் தொங்கும்; புது முறையில் 16 டன். அஸ்திவாரத்துக்கும் தூண்களுக்கும் அவ்வளவு சுமை மிச்சம்.

இதைச் செய்கிற விதம் இன்னும் வேடிக்கை. ஒரு கல் பலகையின் இரண்டு பக்கமும் தேன்கூட்டுத் தகட்டை ஒட்டிவிட்டு, நடுக் கல்லை ரொட்டி மாதிரி குறுக்கே அறுக்கிறார்கள். ஒரு பலகை இரண்டாகிறது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கல்லின் ரேகைகள் கண்ணாடிப் பிம்பம் போலப் பொருந்தும். லிஃப்ட்டுக்குள்ளும் கப்பலுக்குள்ளும் கல் பதிப்பதற்கு இது கை கொடுத்த வித்தை. வெயிலும் மழையும் அடிக்கிற வெளிச்சுவர் அதற்கு வேறு பரீட்சை.

கல்லை எவ்வளவு உயரத்துக்கு ஏற்றலாம் என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல. தென்னாட்டுக் கோபுரங்களில் பெரும்பாலானவற்றைக் கவனித்தால் தெரியும். அடித்தளமும் வாசலும் கருங்கல். அதற்கு மேல் நிலைக்கு நிலை செங்கலும் சுண்ணாம்பும் சுதையும். எடை மேலே போகப் போகக் குறைய வேண்டும் என்ற கணக்கு அதில் இருக்கிறது. சுதையைக் கல் என்று யாரும் ஏமாற்றவில்லை. வர்ணம் அடித்து, 'ஆமாம், நான் சுதைதான்' என்று நிற்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் விமானம் மாதிரி உச்சி வரை கல்லாகவே அடுக்கினால், கல்மேல் கல் உட்கார்ந்து தன் எடையாலேயே நிற்கும். அங்கே கல்தான் சுவர்.

நம் நவீன கட்டடத்தில் கல் சுவர் இல்லை. சுவருக்கு உடுத்திய துணி. துணி என்று ஒப்புக்கொண்டால் ஒரு வம்பும் இல்லை. சுவர் என்று நினைத்துக்கொள்ளும்போதுதான் வம்பு ஆரம்பிக்கிறது. எவ்வளவு பெரிய வம்பு என்பதற்கு மூன்று ஊர்களின் கதை போதும்.

முதலாவது சிகாகோ. 1970களின் தொடக்கத்தில் ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனிக்காக 83 மாடிக் கட்டடம் எழுந்தது. முக்கியக் கட்டடக் கலைஞர் எட்வர்ட் டியூரெல் ஸ்டோன். பெயரிலேயே கல் உள்ள மனிதர்! மைக்கலாஞ்சலோ சிலை செதுக்கிய அதே கராரா மலையின் வெள்ளைப் பளிங்கு. சுமார் 43,000 பலகைகள். தடிமன் ஒன்றரை அங்குலத்துக்கும் குறைவு. ஆரம்பக் காலத்திலேயே 350 பவுண்ட் எடையுள்ள பலகை ஒன்று பெயர்ந்து, பக்கத்துக் கட்டடத்தின் கூரையைத் துளைத்துக்கொண்டு போனது. பிறகு பலகைகள் ஒவ்வொன்றாக அப்பளம் மாதிரி வளைய ஆரம்பித்தன. ஸ்டீல் பட்டை போட்டுக் கட்டிப் பார்த்தார்கள். கடைசியில் 1990 முதல் 1992 வரை மொத்தப் பளிங்கையும் உரித்து, இரண்டு அங்குலத் தடியில் வெள்ளை கிரானைட் மாட்டினார்கள். செலவு எட்டுக் கோடி டாலருக்கும் மேல். கழற்றிய பளிங்கில் பெரும்பகுதியை நொறுக்கி, கம்பெனியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வளாகத்தில் அழகுக்காகக் கொட்டினார்கள். மகா சிற்பியின் மலைக்கு அப்படி ஒரு முடிவு.

கல் எப்படி ஸார் வளையும்? பளிங்கு என்பது கால்சைட் படிகங்களின் கூட்டம். சூடு ஏறினால் ஒவ்வொரு படிகமும் ஒரு திசையில் நீள்கிறது, குறுக்குத் திசையில் சுருங்குகிறது. பக்கத்துப் படிகம் வேறு திசையில் இழுக்கிறது. கூட்டுக் குடும்பத்தில் நடக்கிற மாதிரிதான். தினமும் கொஞ்சம் உரசல், கொஞ்சம் விலகல். ராத்திரி குளிர்ந்தாலும் பழைய இடத்துக்கு முழுசாகத் திரும்புவதில்லை. தடியான கல்லில் இது மேல்தோல் சமாச்சாரம். மெல்லிய பலகையில் மேல்தோலைத் தவிர வேறென்ன இருக்கிறது?

இரண்டாவது டொரண்டோ. 1975-இல் முடிந்த 72 மாடி ஃபர்ஸ்ட் கனேடியன் பிளேஸ். ஆலோசகர் அதே ஸ்டோன், கல்லும் அதே கராரா. 2007 மே மாதம் 54-வது மாடியிலிருந்து ஒரு பலகை பெயர்ந்து, கீழ்த்தளத்தின் கூரையில் விழுந்தது. சுற்றியிருந்த தெருக்களை மூடினார்கள். அவர்கள் கல்லையே கைகழுவிவிட்டு, 2012-க்குள் சுமார் 45,000 பளிங்குப் பலகைகளுக்குப் பதிலாக வெள்ளைக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள்.

மூன்றாவது ஹெல்சிங்கி. பின்லாந்தின் மகா கலைஞர் ஆல்வார் ஆல்டோ 1971-இல் கட்டி முடித்த ஃபின்லாந்தியா ஹால். வடதுருவக் குளிருக்குப் பக்கத்தில் மத்தியதரைக் கடலின் பளிங்கைக் கொண்டுவர ஆசைப்பட்டார். குளிர் ஆசையை மதிக்கவில்லை. பலகைகள் வளைந்தன. 1998-99-இல் அத்தனையையும் கழற்றி, திரும்பவும் கராரா பளிங்கையே மாட்டினார்கள். ஆல்டோவின் வெள்ளை அதுதானே! அதுவும் வளைந்தது. 2022-இல் தொடங்கிய புதுப்பிப்பில் இரண்டாம் முறையாக மாற்றினார்கள். இந்தத் தடவை ஆல்ப்ஸ் பக்கத்து லாஸா பளிங்கு. 2025 ஜனவரியில் ஹால் திரும்பத் திறந்தது.

மூன்றில் எது சரி? எல்லோரும் சிகாகோவைப் புத்திசாலி என்பார்கள், ஹெல்சிங்கியைப் பிடிவாதக்காரர் என்பார்கள். எனக்கு ஹெல்சிங்கி மேல்தான் மரியாதை. ஐம்பது வருஷத்தில் இரண்டு முறை துணி மாற்றியாகிவிட்டது. இன்னொரு முறையும் மாற்ற வேண்டி வரலாம். அது தெரிந்தே செய்கிறார்கள். பணம் ஒதுக்குகிறார்கள், சாரம் கட்டுகிறார்கள், மாற்றுகிறார்கள். மெல்லிய கல் நிரந்தரம் இல்லை என்பதை அந்த ஊர் இரண்டு அடி வாங்கிக் கற்றுக்கொண்டுவிட்டது. ஆபத்து, அதைக் கற்றுக்கொள்ளாத ஊருக்குத்தான்.

நேர்மை என்ற வார்த்தையைச் சுவருக்குச் சொல்லலாமா என்று கேட்பீர்கள். சொல்லியிருக்கிறார்கள். வெனிஸ் நகரத்து செயின்ட் மார்க் தேவாலயம் செங்கல் மேல் பளிங்கு போர்த்தியது. போலி என்றாலே சீறுகிற ஜான் ரஸ்கின் அதை மட்டும் ஏற்றுக்கொண்டார். மேலே போர்த்தியது என்பதை அது மறைக்கவில்லை என்பது அவர் வாதம். வியன்னாவில் ஓட்டோ வாக்னர் 1906-இல் திறந்த தபால் சேமிப்பு வங்கியின் முகப்பைப் பாருங்கள். மெல்லிய பளிங்குப் பலகைகள்; ஒவ்வொன்றிலும் வெளியே துருத்திக்கொண்டு அலுமினியத் தொப்பி போட்ட போல்ட்டுகள். கல்லைத் தாங்குவதில் பெரும்பங்கு பின்னாலுள்ள சாந்துக்குத்தான் என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். இருக்கட்டும். 'இது மாட்டிய கல்' என்று தெருவில் போகிறவனுக்குச் சொல்லிவிடுகிறதே, அது போதும்.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு நம் ஊர்க் கட்டடங்களைப் பாருங்கள். பத்தாவது மாடி ஜன்னலுக்கு மேலே பாறாங்கல் உத்திரம் மாதிரி ஒரு ஜோடனை. மூலையில் இரண்டு பலகைகளைச் சரிவாக அறுத்துச் சேர்த்து, ஒன்றரை அடிக் கனமான கல் போல ஒரு வேஷம். இணைப்பு தெரியக்கூடாது என்று கல்லின் நிறத்திலேயே பூச்சு. எல்லாம், 'நான் கோட்டை' என்று சொல்வதற்கு. கோட்டைச் சுவரை யாராவது பழுது பார்ப்பார்களா? யாரும் பார்ப்பதில்லை. வேஷத்தின் உண்மையான நஷ்டம் ரசனைக்கு வருவதில்லை, பராமரிப்புக்கு வருகிறது.

இதைவிட மோசம், கனமான கிரானைட்டை மூன்றாம் நான்காம் மாடி வரை வெறும் சிமென்ட் கலவையில் ஒட்டுவது. அறுத்த கிரானைட்டின் முதுகு வழவழப்பு. தண்ணீரை அதிகம் உறிஞ்சாது. கலவை கவ்வ இடம் இல்லை. மேற்குப் பார்த்த சுவர் மத்தியானம் முழுக்கக் கொதிக்கும். சாயங்காலம் ஒரு மழை பெய்து சட்டென்று குளிரும். கல் ஒரு அளவு விரியும், பின்னால் உள்ள சுவர் வேறு அளவு விரியும். நடுவில் மாட்டிக்கொண்ட சிமென்ட்டுக்குத் தினமும் இழுபறி. இடுக்கில் தண்ணீர் இறங்கினால் உப்பு பூத்து வெள்ளைக் கோடுகள் வரும். அந்தக் கோடுகள் கல் எழுதுகிற கடிதம். அழுக்கு என்று ஆசிட் போட்டுத் துடைத்துவிடுகிறோம்.

அந்த வகையில் எடை குறைந்த பலகை நல்ல பதில்தான். ஒழுங்காக மாட்டினால். செங்கல்லிலோ, உள்ளே காற்று நிறைந்த இலேசான பிளாக்கிலோ போல்ட்டை அடித்தால் பிடிப்பு கிடையாது; கான்கிரீட் தூணிலும் பீமிலும் அடித்து, அதில் சட்டம் போட வேண்டும். கீழ் வரிசையில் தொடங்கி மேலே போக வேண்டும். ஆனாலும் ஒவ்வொரு பலகையும் தன் எடையைத் தன் கொக்கியிலேயே சுமக்க வேண்டும், கீழே உள்ளவன் தலையில் உட்காரக் கூடாது. பலகைக்குப் பலகை விரிய இடம் விட வேண்டும். இடுக்கில் கண்ட சிலிக்கானைப் பிதுக்கினால் அதன் எண்ணெய் கல்லில் இறங்கிக் கறை பிடிக்கும். கல்லுக்கென்றே உள்ளதை வாங்க வேண்டும். கடற்கரை ஊரானால் கொக்கி 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அலுமினியமும் ஸ்டீலும் உப்புக் காற்றில் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்துப்போகும். நடுவில் ஒரு தடுப்பு வேண்டும்.

நெருப்பையும் மறக்கக் கூடாது. 2017-இல் லண்டன் கிரென்ஃபெல் டவரில் 72 பேர் இறந்தார்கள். அங்கே சுவரில் இருந்தது நடுவில் பாலிஎத்திலீன் வைத்த அலுமினியப் பலகை. தேன்கூட்டுக் கல் பலகை வேறு சாதனம். அலுமினியத் தேன்கூடு அப்படி எரியாது. ஆனால் நடுவில் உள்ள பசை பசைதானே! 'கல்லு சார், கல்லு எப்படி எரியும்?' என்கிற பதிலோடு திருப்தியடையாமல், முழுப் பலகைக்கும் தீப் பரிசோதனைச் சான்றிதழ் கேளுங்கள்.

ஃப்ளாட் வாங்கப் போகிறவர்கள் கிச்சன் மேடையில் என்ன கிரானைட் என்று துருவித் துருவிக் கேட்கிறோம். வெளியே தலைக்கு மேல் தொங்குவதைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்டால் போதும். எது தாங்குகிறது? ஒரு பலகை கெட்டால் அதை மட்டும் தனியாகக் கழற்ற முடியுமா? எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை, யார் ஏறிப் பார்ப்பார்கள்? மூன்றாவது கேள்விக்குத்தான் அநேகமாக மௌனம் வரும். பில்டர் போனபிறகு அந்தச் சுவர் அசோசியேஷன் தலையில். அசோசியேஷன் என்றால் நீங்களும் நானும்தான். லிஃப்ட்டுக்கு வருஷாந்திர ஒப்பந்தம் போடுகிறோம், ஜெனரேட்டருக்குப் போடுகிறோம். எலிவேஷனுக்குப் போட்டவர்கள் இருந்தால் அவர்களுக்கு ஒரு சல்யூட்.

நல்ல முகப்பு எது என்று கேட்டால் என் பதில் இதுதான்: எந்தப் பலகை எங்கே முடிகிறது என்று தெருவிலிருந்தே தெரிய வேண்டும். இடுக்குகள் வெட்கப்படாமல் நேர்கோடாக ஓட வேண்டும். ஏணி வைத்து ஏறுகிற ஆள் ஒரு கல்லைக் கழற்றி, முதுகைப் பார்த்துவிட்டு, திரும்ப மாட்டிவிட்டு இறங்க முடிய வேண்டும். கீழே நிழலுக்கு ஒதுங்கி நிற்கிற பூக்காரம்மாவுக்கு கராராவும் தெரியாது, கிரானைட்டும் தெரியாது. அந்தக் கொக்கி சரியாக இருக்கிறது என்று நம்பித்தான் கூடையை இறக்கி வைத்திருக்கிறார்.