டின்டர்ன் இடிபாடும் வேர்ட்ஸ்வொர்த்தின் மௌனமும்

வேல்சில் வை ஆற்றங்கரையில் 1131இல் நிறுவப்பெற்று 1536இல் கலைக்கப்பட்ட டின்டர்ன் மடாலயத் தேவாலயம், வேர்ட்ஸ்வொர்த்தின் 1798ஆம் ஆண்டுக் கவிதையில் தலைப்போடு நின்றுவிடுகிறது. உள்ளே அதன் ஒரு கல்லும் இல்லை. இம்மௌனத்தை வரலாற்று மறைப்பாக மார்ஜரி லெவின்சன் 1986இல் வாசித்தார். அவ்வாசிப்பு ஓரளவே பொருந்தும்.

கில்பினின் பயணநூல் (1782) இடிபாட்டின் முகட்டுச்சுவர்களைச் சுத்தியலால் சற்றுச் சிதைத்தால் அழகு கூடும் என்கிறது. இரசனையின் கொடுமை இது! ஆயினும் அங்குக் குடியிருந்த இரவலரை அந்நூல் காண்கிறது. துறவியரின் நூலகத்தைக் காட்டுவதாக அழைத்துச் சென்ற, வாதநோயுற்ற ஏழைப்பெண் காட்டியது தன் உறைவிடத்தையே.

வேர்ட்ஸ்வொர்த்திடமும் வீடற்றோர் உளர். மரங்களிடையே எழும் புகையைக் கொண்டு ஊகிக்கப்படுபவர்களாக மட்டும். கவிதை அவர்களை நீக்கவில்லை, இடிபாட்டிலிருந்து காட்டுக்குள் பெயர்க்கிறது. லெவின்சன் சுட்டும் மறைப்பு இப்பெயர்ச்சியில் உள்ளது. மடாலயம் விடுபட்டதில் அன்று.