'ந்து' செய்த குற்றம் என்ன?

'செய்துகொண்டிருக்கிறேன்' என்று போர்ச்சுகீசிய மொழியில் சொல்லப் பிரேசில்காரருக்கு 'எஸ்தோ ஃபசேந்து' போதும். போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பனில் அதுவே 'ஷ்தோ அ ஃபசேர்'. முன்னது '-ந்து' என முடியும் ஜெரூந்தியு வடிவம். பின்னது, வினையின் அகராதி வடிவத்துக்கு முன்னால் 'அ' என்ற சிறு சொல்லை வைப்பது.

பிரேசிலியப் பேச்சைக் கொச்சை என்று நினைக்கும் போர்ச்சுகல்காரர்கள் உண்டு. வரலாறு அவர்கள் பக்கம் இல்லை. போர்ச்சுகீசியக் காவியமான 'ஒஸ் லூசியாதஸ்' அச்சேறிய 1572இல் போர்ச்சுகலிலும் ஜெரூந்தியுதான் வழக்கம். 'அ' வடிவம் அங்கே மேலோங்கியது பிற்பாடுதான். தெற்கே அலென்தேஜு, அல்கார்வ் வட்டாரங்களில் பழைய வடிவம் இன்றும் புழங்குகிறது.

பழமை இருந்தால் மட்டும் போதாதே. 'வி உ ஜுவாவ் சாயிந்து து சினேமா' என்கிறார் ஒரு பிரேசில்காரர். அவர் ஜுவாவைப் பார்த்தார், சரி. திரையரங்கிலிருந்து வெளியே வந்தது யார்? ஜுவாவா, பார்த்தவரா? வாக்கியம் இரண்டுக்கும் இடம்கொடுக்கிறது. 'அ சாயிர்' என்று லிஸ்பன்காரர் சொன்னால் வந்தவர் ஜுவாவ்தான். சாட்சி சொல்லும்போது இது சின்ன வேறுபாடு அல்ல. லிஸ்பன் வடிவத்துக்கும் ஒரு தொல்லை உண்டு: 'ஷ்தா அ அகபார்' (முடிந்துகொண்டிருக்கிறது) போன்ற இடங்களில் இரண்டு 'அ'வும் பேச்சில் ஒட்டிக்கொள்ளும்.

பிரேசிலுக்குள்ளேயே எழுந்த புகார் வேறு. 'வோ எஸ்தார் த்ரான்ஸ்ஃபெரிந்து' என்பார் வாடிக்கையாளர் சேவை ஊழியர். உங்கள் அழைப்பை மாற்றிக்கொண்டே இருக்கப்போகிறாராம்! நொடியில் முடிகிற வேலைக்கு இவ்வளவு நீட்டலா? 'ஜெருந்தீஸ்மு' என்று கேலிப்பெயரே வந்துவிட்டது. ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்த தொலைபேசி விற்பனைக் கையேடுகள்தான் காரணம் என்ற குற்றச்சாட்டு பரவலானது. மொழியியலாளர்கள் எல்லோரும் அதை ஏற்கவில்லை.

தலைநகர் பிரசீலியா அடங்கிய கூட்டாட்சி மாவட்டத்தின் ஆளுநர் ஜொசே ரொபேர்த்து அர்ருதா, 2007இல் அரசாணை போட்டு ஜெரூந்தியுவை அரசு அலுவலகங்களிலிருந்து 'பணிநீக்கம்' செய்தார். திறமையின்மைக்கு அதைச் சாக்காக்கக் கூடாது என்பது ஆணை. கோபம் நியாயம்தான்: 'ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம்' என்ற பதிலில் முடியும் தேதி இல்லை. இலக்கு மட்டும் பிசகிவிட்டது. லிஸ்பன் அதிகாரி 'அ' போட்டும் இதே சாக்கைச் சொல்லலாமே!

கேலியில் அடிபட்டது நல்ல வாக்கியமும்தான். 'நீங்கள் வரும்போது தூங்கிக்கொண்டிருப்பேன்' என்பதற்கு 'வோ எஸ்தார் தோர்மிந்து' மிகப் பொருத்தம். தூக்கம் நொடி வேலையல்ல. ஏளனத்துக்கு அஞ்சி அதையும் தவிர்ப்பவர் 'தூங்குவேன்' என்று சுருக்கினால், விருந்தாளி வந்த பிறகுதான் படுக்கப்போகிறார் என்றும் பொருளாகிவிடும்.