அரியணை சரிந்தது, அடுக்களை?

மன்னன் கையிலிருந்த அதிகாரத்தைப் பறித்த மக்கள், கணவன் கையிலிருந்த அதிகாரத்தைத் தொட்டார்களா? 1789-இல் பிரான்சில் பிறந்த மனித உரிமைப் பிரகடனத்தைப் போற்றுவோரில் பலர் இதைக் கேட்பதில்லை. அன்றே கேட்டவர் ஒலிம்ப் டி கூஜ் என்ற பெண்மணி.

1791-இல் அவர் தீட்டிய பெண்ணுரிமைப் பிரகடனம், ஆண்கள் வகுத்த 17 விதிகளையே எடுத்து, அவற்றில் பெண்ணையும் நிறுத்திக் காட்டியது. திருமணத்தை இருவர் ஒப்பந்தமாக்கும் வரைவையும் இணைத்தது. அனைவர்க்கும் என முழங்கிய சட்டம் ஆண்களுக்கே என்பது அம்பலமாயிற்று!

குறையை மறைக்கமாட்டோம். அந்த ஏட்டை அவர் அரசிக்குக் காணிக்கையாக்கினார். முடிக்கு வரும் பிறவி உயர்வை வணங்கிக்கொண்டு, ஆணுக்கு வரும் பிறவி உயர்வை வீழ்த்துவது எங்ஙனம்?

ஆனால், குடியரசு தந்த விடை என்ன? 1793 அக்டோபரில் பெண்கள் சங்கங்களுக்குத் தடை. நவம்பர் 3-இல், அரசை எதிர்த்துச் சுவரொட்டி எழுதிய கூஜுக்குக் கில்லட்டின்! பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்ததோ 1944-இல்!

அரியணை சரிந்தது, அடுக்களை அசையவில்லை. தோழர்களே, சமத்துவம் பேசும் எக்கட்சியையும் அளக்க நமக்குக் கிடைத்த கோல் இதுவே: மேடையில் எழும் முழக்கம், வீட்டு வாயிலைத் தாண்டி உள்ளே நுழைகிறதா?