பாதிப் பணம் கிராபிக்ஸ் கார்டுக்கு என்னும் கணக்கு

குறைந்த பணத்தில் கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய நினைப்பவர் யாரிடம் கேட்டாலும் முதலில் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: மொத்தப் பணத்தில் பாதியைக் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்கு, மிச்சத்தில் மற்றதை முடித்துக்கொள். பாதி என்பதைச் சிலர் நாற்பது சதவீதமாகக் குறைப்பார்கள்; அறிவுரை மாறாது. சென்னை ரிச்சி தெருவில் எழுதித் தரப்படும் கொட்டேஷன்களும் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் அமைகின்றன. இது பிழையான கணக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. விளையாட்டின் வேகத்தைப் பொறுத்தவரை இதைவிடத் தெளிவான வழிகாட்டி வேறில்லை. ஆனால் வேகம் என்ற ஒன்றை மட்டுமே இது அளக்கிறது. அந்த அளவுகோலில் பதிவாகாத பாகங்கள் மீது கத்தரி விழுகிறது. அதன் இழப்பு இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்தே கண்ணுக்குத் தெரிகிறது. பட்ஜெட் சிறியதாக இருக்கும்போது பணத்தைச் சதவீதம் பார்த்துப் பங்கிடக் கூடாது. எந்தப் பாகத்தைப் பின்னால் தனியாக மாற்றிக்கொள்ள முடியும், எந்தப் பாகம் கெட்டால் மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு போகும் என்று பார்த்துப் பங்கிட வேண்டும் என்பதே என் வாதம்.

முதலில் இந்தக் கணக்கின் பலத்தைப் பார்க்கலாம். 1920×1080 மானிட்டரில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால், 12 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளின் நிறத்தை ஒவ்வொரு நொடியும் கணக்கிட்டாக வேண்டும். அந்த வேலை முழுவதும் கார்டின் தலையில் விழுகிறது. மானிட்டர் 2560×1440 ஆனால் புள்ளிகள் 36.9 லட்சம், 4கே என்றால் 83 லட்சம். பிராசஸரின் வேலை வேறு வகை. எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எதில் பட்டது, அடுத்த ஃபிரேமில் எதையெல்லாம் வரைய வேண்டும் என்று அது தீர்மானிக்கிறது. புள்ளிகள் நான்கு மடங்கானாலும் இந்த வேலை அப்படிப் பெருகுவதில்லை. அதனால்தான் 2022 தொடக்கத்தில் வந்த ஐ3-12100எஃப் போன்ற நான்கு கோர் பிராசஸர், நடுத்தரக் கார்டோடு சேர்ந்து பெரும்பாலான கதை விளையாட்டுகளை 60 ஃபிரேமில் ஓட்டிவிடுகிறது. ஐ7 என்ற பெயரை நம்பிப் பெரும் பணத்தைக் கொட்டிவிட்டு, கார்டு என்று ஜிடி 1030-ஐ மாட்டிக்கொண்டு ஏமாந்த வழக்கம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. அந்த வழக்கத்தை முறித்தது இந்தக் கணக்குதான். அந்த நன்மையை மறுக்கக் கூடாது.

சிக்கல், இந்தக் கணக்கு நம்பியிருக்கும் சான்றில் இருக்கிறது. கார்டுகளை ஒப்பிடும் சோதனையாளர்கள் அப்போது சந்தையில் இருக்கும் மிக வேகமான பிராசஸரை வைத்துத்தான் சோதிக்கிறார்கள். கார்டின் முழுத் திறன் தெரிய அதுவே சரியான முறை. ஆனால் அறுபதாயிரம் ரூபாய்க்கு அசெம்பிள் செய்பவர், அட்டவணையில் காணும் எண்ணைத் தன் கம்ப்யூட்டருக்கு உரிய எண்ணாக எடுத்துக்கொள்கிறார். இரண்டும் ஒன்றாக இல்லாமல் போவதற்கு 2022 ஜனவரியில் ஏஎம்டி வெளியிட்ட ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நல்ல சாட்சி. 4 ஜிபி நினைவகம் கொண்ட அந்தக் கார்டு, மதர்போர்டோடு பேசுவதற்கு நான்கே பிசிஐஇ தடங்களைக் கொண்டது. பிசிஐஇ 4.0 போர்டில் அது ஓரளவு சமாளித்தது. 3.0 போர்டில் அந்தத் தடங்களின் கொள்ளளவு பாதியாகிறது. விளையாட்டு 4 ஜிபியைத் தாண்டியதும் தரவு அந்த ஒடுங்கிய வழியாகவே ரேமிலிருந்து வந்து போக வேண்டியிருப்பதால் ஃபிரேம்கள் சட்டென்று விழுகின்றன. இவ்வளவு மலிவான கார்டைத் தேடி வந்தவர்கள் யார்? பழைய போர்டு வைத்திருந்தவர்களும், முதலில் ரைசன் 5 5600ஜி வாங்கி உள்ளிருக்கும் கிராபிக்ஸிலேயே விளையாடிவிட்டுப் பிறகு கார்டு சேர்க்கலாம் என்று திட்டமிட்டவர்களும்தான். 5600ஜி பிசிஐஇ 3.0-ஐ மட்டுமே தருகிறது. மலிவு கார்டு, மலிவு கம்ப்யூட்டரில்தான் அதிகம் தோற்றது. கார்டுக்கு எவ்வளவு பணம் என்று மட்டும் சொல்லும் கணக்கு இதை முன்கூட்டிச் சொல்ல வழியே இல்லை.

கார்டுக்குள்ளேயும் இதே குறை தொடர்கிறது. பாதிப் பணம் என்று முடிவாகிவிட்டால், அந்தத் தொகைக்குள் அடங்கும் மிகப் பெரிய பெயரைத் தேடுவதே வேலையாகிவிடுகிறது. பெயரோ நம்பத்தக்கது அல்ல. ஜிடிஎக்ஸ் 1060-இன் 3 ஜிபி வடிவத்தில் குறைந்தது நினைவகம் மட்டுமல்ல. 6 ஜிபி வடிவத்தின் 1280 கோர்களுக்கு எதிராக அதில் 1152 கோர்களே இருந்தன. 2024-இல் வந்த 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050-உம் பழைய 8 ஜிபி 3050-ஐவிடக் கோர்கள் குறைந்தது. நினைவகத்தின் அளவில் இன்னொரு கேள்வி எழுகிறது. 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ, 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060-ஐவிடத் தெளிவாக வேகமானது. ஒவ்வொரு ரூபாய்க்கும் எத்தனை ஃபிரேம் என்று பார்த்தவர்கள் டிஐ-யைத் தேர்ந்தார்கள். 2023 மார்ச்சில் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1’ கம்ப்யூட்டருக்கு வந்தபோது உயர்ந்த டெக்ஸ்சர் அமைப்புகளில் 8 ஜிபி கார்டுகள் திணறின. பின்னர் வந்த திருத்தங்கள் அந்த விளையாட்டில் நிலைமையைப் பெரிதும் சரிசெய்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் வாங்கும் நாளன்று ஃபிரேம் எண்ணிக்கையில் தெரியாத ஒரு எல்லை பிறகு முன்வந்து நிற்க முடியும் என்பது அங்கே வெளிப்பட்டது.

இவையெல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது பவர் சப்ளை, கடைப்பேச்சில் எஸ்எம்பிஎஸ். இது ஒரு ஃபிரேமைக்கூடக் கூட்டித் தராது என்பதால் பணத்தை மிச்சம் பிடிக்கும்போது முதலில் கை வைக்கப்படுவது இதில்தான். பல மலிவு கொட்டேஷன்களில் இதற்குத் தனி வரிகூட இருப்பதில்லை; கேபினட்டோடு சேர்ந்து வந்துவிடுகிறது. பெட்டியின் மேல் 450 வாட் என்று எழுதியிருக்கும். பிராசஸரும் கார்டும் உண்பது 12 வோல்ட் மின்சாரத்தை. ஆகவே ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்பதைத்தான் பார்க்க வேண்டும். அங்கே 18 ஆம்பியர் என்று இருந்தால் உண்மையான கொள்ளளவு 216 வாட். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு மட்டும் 170 வாட், ஐ3-12100எஃப் பிராசஸருக்கு உச்சத்தில் 89 வாட். இந்த இரண்டும் சேர்ந்தே 259 வாட்டைத் தொடுகின்றன. கார்டுகள் கண நேரத்துக்குத் தங்கள் அளவைத் தாண்டி இழுப்பதும் உண்டு. ‘பல வருஷமாக லோக்கல் எஸ்எம்பிஎஸ்தான் ஓடுகிறது, ஒன்றும் ஆகவில்லை’ என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. பில் போடும் கம்ப்யூட்டர் நூறு வாட்டைத் தாண்டுவதே அபூர்வம். அந்தச் சுமையில் எந்த எஸ்எம்பிஎஸ்-உம் ஓடும். மணிக்கணக்கில் முழுச் சுமையைத் தாங்கும் வேலைக்கு அந்த அனுபவம் சான்றாகாது.

சரி, 80 பிளஸ் முத்திரை பார்த்து வாங்கினால் போதாதா என்று கேட்கலாம். இந்த முத்திரை அளப்பது திறனை மட்டுமே: சுவரிலிருந்து எடுத்த மின்சாரத்தில் எவ்வளவு வெப்பமாக வீணாகாமல் போய்ச் சேர்கிறது என்பதை. மின்சாரம் எல்லை மீறும்போது எஸ்எம்பிஎஸ் தன்னை அணைத்துக்கொள்கிறதா, அணையும்போது மற்ற பாகங்களைக் காப்பாற்றுகிறதா என்பதை அது சோதிப்பதில்லை. 2021-இல் கிகாபைட்டின் பி750ஜிஎம், பி850ஜிஎம் ஆகிய இரண்டும் தனியார் சோதனைகளில் பெருஞ்சுமை ஏற்றியபோது வெடித்துக் கெட்டன. அந்த ஆகஸ்டில் நிறுவனம் பாதுகாப்பு எல்லையைக் குறைத்ததாக அறிவித்து, மாற்றித் தரவும் முன்வந்தது. இரண்டின் மேலும் 80 பிளஸ் கோல்டு முத்திரை இருந்தது. கார்டுகளுக்குக் கடும் தட்டுப்பாடு நிலவிய அந்த நாட்களில் அமெரிக்காவில் இவை கார்டோடு சேர்த்து விற்கப்பட்டன என்பது நம் கேபினட்டோடு வரும் எஸ்எம்பிஎஸ்-க்கு மிக அருகில் வருகிறது: வாங்குபவர் தேர்ந்தது கார்டை, தலையில் கட்டப்பட்டது பவர் சப்ளை. ஆகவே மாடல் வாரியாகச் செய்யப்பட்ட சோதனைகளைத் தேடிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. யுபிஎஸ் வாங்குபவருக்கும் இதே கணக்கு உண்டு. 600 விஏ என்று விற்கப்படுவதன் கொள்ளளவு பெரும்பாலும் 360 வாட்தான், மானிட்டரும் அதில்தான் சேர வேண்டும்.

மதர்போர்டு விஷயம் இவ்வளவு நேரானதல்ல. 2017-இல் ஏறத்தாழ ஒரே தொகைக்கு இருவர் கம்ப்யூட்டர் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். இன்டெல்லின் ஏழாம் தலைமுறைப் போர்டை வாங்கியவரால், அதே ஆண்டு அக்டோபரில் வந்த எட்டாம் தலைமுறை பிராசஸரை அதில் போட முடியவில்லை. சாக்கெட்டின் பெயர் எல்ஜிஏ 1151 என்றே இருந்தும் பொருந்தவில்லை. ஏஎம்டியின் ஏஎம்4 போர்டு வாங்கியவருக்கோ, பயாஸ் அப்டேட் கிடைத்த போர்டாக இருந்தால், 2022 ஏப்ரலில் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி-யை அதே போர்டில் மாட்ட முடிந்தது. இதை முன்பே யார் அறிவார் என்ற மறுப்பு நியாயமானதே. ஏஎம்4-க்கு ஏஎம்டி 2020 வரைதான் வாக்குறுதி தந்திருந்தது. அந்த 2020-இலும் பழைய போர்டுகளுக்குப் புதிய பிராசஸர்கள் இல்லை என்று முதலில் சொல்லி, எதிர்ப்புக்குப் பிறகே படிப்படியாக இறங்கி வந்தது. ஆகவே எதிர்காலத்துக்கு என்று விலை உயர்ந்த போர்டு வாங்கச் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஏஎம்4-இன் பலன் மலிவான பி450 போர்டுக்கும் கிடைத்தது. கேட்க வேண்டியது, இந்த சாக்கெட்டுக்கு இன்னொரு தலைமுறை வர வாய்ப்பிருக்கிறதா என்பதே. அதற்குக் கூடுதல் பணம் தேவையில்லை.

ரேமைப் பிறகு சேர்க்கலாம் என்ற பழக்கம் என் வாதத்துக்கு மிகவும் ஒத்துவருவதுபோல் தோன்றும். எளிதில் மாற்றக்கூடிய பாகம் அதுதானே. ஆனால் 2025-இன் கடைசி மாதங்களில் நடந்ததைப் பார்க்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்களை நோக்கி நினைவகத் தயாரிப்பு திரும்பியதால் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. டிசம்பரில் மைக்ரான் தன் க்ரூஷியல் சில்லறை வியாபாரத்தையே கைவிடுவதாக அறிவித்தது. ஒற்றை 8 ஜிபி ஸ்டிக்கோடு காத்திருந்தவர்கள் இழந்தார்கள். ஒற்றை ஸ்டிக் நினைவகத்தின் தரவு வேகத்தைப் பாதியாக்குவதால் 5600ஜி போன்ற பிராசஸரில் அவர்கள் ஏற்கெனவே ஃபிரேம்களையும் இழந்துகொண்டிருந்தார்கள். பின்னால் மாற்ற முடியும் என்பதும் பின்னால் விலை குறையும் என்பதும் ஒன்றல்ல. நான் முதலாவதை மட்டுமே நம்பிப் பேசுகிறேன். தள்ளிப்போட்ட ரேமால் பணம் போகிறது. கெட்ட எஸ்எம்பிஎஸ்ஸால் கம்ப்யூட்டரே போகக்கூடும்.

இந்த வாதத்துக்கு வரக்கூடிய வலுவான மறுப்பு இதுதான்: எஸ்எம்பிஎஸ்-க்கும் இரண்டாவது ரேம் ஸ்டிக்குக்கும் நகர்த்தும் ஒவ்வொரு ஆயிரமும் கார்டை ஒரு படி கீழே இறக்குகிறது, விளையாடுவதற்காகத்தானே வாங்குகிறோம்? உண்மைதான், கார்டு ஒரு படி இறங்கும். ஆனால் மென்பொருளால் ஓரளவேனும் ஈடுகட்டக்கூடிய குறை கார்டின் குறைதான். நிழலையும் பிரதிபலிப்பையும் உச்ச நிலையிலிருந்து ஒரு படி குறைத்தால் காட்சியில் பெரிய வேறுபாடு தெரியாமலே ஃபிரேம்கள் கூடுகின்றன. 2021 ஜூனில் வந்த ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் என்னும் மென்பொருள் நுட்பம், என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 10 வரிசைக் கார்டுகளுக்குக்கூட வேகம் தந்தது. மோசமான பவர் சப்ளையை நல்லதாக்கும் செட்டிங் எந்த விளையாட்டிலும் இல்லை. கார்டைக் கழற்றி விற்று அடுத்ததை மாட்டுவதும் ஒரு மாலை வேலை. கார்டைக் குறைப்பதற்கும் ஒரு கீழ் எல்லை உண்டு: 2024 டிசம்பரில் வெளிவந்த இந்தியானா ஜோன்ஸ் விளையாட்டு, ரே டிரேசிங் வன்பொருள் இல்லாத கார்டில் ஓடாது. அத்தகைய விளையாட்டுகளை விரும்புபவர் அந்த வசதி இல்லாத பழைய கார்டை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடக் கூடாது. வாலரன்ட், கவுன்டர் ஸ்டிரைக் 2 மட்டுமே ஆடுபவருக்கு நிலைமை தலைகீழ். 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு ஒரு ஃபிரேமை ஏழு மில்லி நொடிக்குள் முடித்தாக வேண்டும், அங்கே தடையாவது பெரும்பாலும் பிராசஸர். மானிட்டரும் விளையாட்டும் முடிவாகாமல் கார்டுக்கு எவ்வளவு என்ற கேள்விக்கே இடமில்லை.

கடையில் இதைச் செயல்படுத்தும் இடம் கொட்டேஷன் தாள். அதில் கார்டின் பெயர் முழுமையாக இருக்கும். எஸ்எம்பிஎஸ் வாட்டாகவும், ரேம் ஜிபியாகவும், எஸ்எஸ்டி கொள்ளளவாகவும் மட்டுமே நிற்கும். பெயரில்லாத வரிகளில்தான் விலை குறைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் தயாரிப்பாளர், மாடல் எண், ரேம் ஒரு ஸ்டிக்கா இரண்டா என்று எழுதித் தரச் சொல்லிவிட்டு, அதன் பிறகு இரண்டு கடைகளின் மொத்தத் தொகையை ஒப்பிட வேண்டும். 18 சதவீத ஜிஎஸ்டி போட்ட பில்லில் சீரியல் எண்களும் ஏற வேண்டும். வாரன்டி கேட்டுப் போகும்போது கையில் இருக்க வேண்டியது அந்தத் தாள்தான்.