நீறுபூத்த நெருப்பு: விடுதிப் பாடசாலை மர்ம நாவல்கள் பற்றிச் சில கருத்துகள்

மர்ம நாவல் என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தே முகஞ் சுளிப்பது கற்றோர் வழக்கமாகிவிட்டது. கொலை, களவு, துப்பறிவோன், இறுதி அத்தியாயத்திலே கழலும் முகமூடி ஆகியவற்றைக் கொண்டு நூல் முழுவதையும் அளந்து, வெறும் பொழுதுபோக்கென ஒதுக்கிவிடுகின்றோம். ஆயினும் இவ்வினத்துள் ஒரு கிளை அத்துணை எளிதாக ஒதுக்கத் தக்கதன்று. விடுதிப் பாடசாலையைக் களனாகவும் இளையோரைக் கதைமாந்தராகவும் கொண்டு, அவசரமின்றி நடக்கும் நாவல்களையே ஈண்டுக் கருதுகின்றேன். அவற்றிலே மர்மம் பற்றியெரிவதில்லை. நீறுபூத்த நெருப்பாய்க் கிடந்து, கதை பாதி வழி சென்ற பின்னரே தன் வெம்மையைக் காட்டுகின்றது. நம் உயர்தர வகுப்பு மாணாக்கருள் வாசிப்பில் நாட்டமுள்ளோர் இவற்றை நாடியே ஆங்கிலத்துக்குச் செல்கின்றனர். அவ்வாறு சென்றவர் பலர் தமிழ் வாசிப்புக்குத் திரும்புவதில்லை. ஆதலின் இவற்றின் தரத்தை ஆராய்வது ஆசிரியர்க்கு வீண் வேலையன்று.

அளப்பதற்கு வேண்டிய கோல் நம்மிடமே உண்டு. அகத்திணைப் பாடலை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்த தொல்காப்பியர், முதலெனப்படுவது நிலமும் பொழுதுமே என்றார். உணர்ச்சி எத்துணை உயர்ந்ததாயினும் அது வேர்கொள்ள நிலமும் பொழுதும் வேண்டும் என்பது அதன் கருத்து. விரைந்தோடும் துப்பறியும் கதைக்கு நிலம் நாடக மேடையின் திரைச்சீலை போன்றது. மாற்றிக் கட்டினாலும் நாடகம் நடக்கும். மெல்லக் கனலும் கதையிலோ நிலத்தையும் பொழுதையும் மாற்றினால் மர்மமே இல்லாதொழியும். விடுதிப் பாடசாலை இதற்கு வாய்ப்பான களன். சுற்றுமதில் அதன் நிலவெல்லை. மணியோசையும் தவணையும் அதன் சிறுபொழுதும் பெரும்பொழுதும். பெற்றோர் தொலைவில் உள்ளனர். அருகிலிருக்கும் பெரியோர் அனைத்தையும் அறிந்தும் சிலவற்றைச் சொல்லாதவர்கள்.

அகதா கிறிஸ்ரி 1959இல் வெளியிட்ட 'கற் அமங் த பிஜின்ஸ்' மெடோபாங்க் என்னும் பெண்கள் பாடசாலையிலே நிகழ்வது. கொலைக்கு வித்தான இரத்தினக் கற்களோ மத்திய கிழக்கு நாடொன்றிலிருந்து வருபவை. அவற்றை ஒரு விருந்தினர் மாளிகையில் மறைத்து வைத்திருந்தாலும் கதை இதுவாகவே இருந்திருக்கும். இந்நூலில் உண்மையாகவே பாடசாலைக்குரியது ஒரு பகுதிதான். தலைமையாசிரியை புல்ஸ்ரோட் அம்மையார் தமக்குப் பின் அவ்விருக்கையில் அமரத் தக்கவர் யாரெனத் தம்முள் எண்ணும் பகுதி அது. ஆசிரியர் அறைகளை அறிந்தோர் கொலையைக் காட்டிலும் அதனையே ஆவலுடன் படிப்பர்.

இதற்கு மறுதலையாக அமைந்தது, நயனா கரிம்போய் ஆங்கிலத்தில் எழுதி 2011இல் வெளிவந்த 'மிஸ் ரிம்மின்ஸ் ஸ்கூல் ஃபோர் கேர்ள்ஸ்'. மேற்குத் தொடர்ச்சி மலையில், மகாராட்டிர மாநிலத்துப் பஞ்சகனி என்னும் ஊர் விடுதிப் பாடசாலைகளுக்குப் பெயர்போனது. வெள்ளையர் ஆட்சி நீங்கி ஏறத்தாழ முப்பதாண்டு கழிந்த பின்னரும் பழைய மிசனரி ஒழுங்கு மாறாத பாடசாலை ஒன்றுக்கு, 1974இல், சாரு என்னும் இருபத்தொரு வயது நங்கை ஆசிரியையாக வருகின்றாள். இந்தோரில் கட்டுப்பாடான குடும்பமொன்றில் வளர்ந்தவள். முகத்திலுள்ள ஒரு மறுவினால் தன்னை மறைத்துக் கொள்ளப் பழகியவள். மொய்ரா பிறின்ஸ் என்ற சக ஆசிரியை, எக்கட்டுப்பாட்டுக்கும் அடங்காதவள், சாருவின் உள்ளத்தை ஈர்க்கின்றாள். மழைக்காலத்து இரவொன்றில் மேசைபோற் பரந்த மலைமேட்டின் அடியிலே மொய்ரா பிணமாகக் கிடக்கின்றாள்.

இங்கே நிலம் குறிஞ்சி. நள்ளிரவாகிய யாமம் குறிஞ்சிக்குரிய சிறுபொழுதே. ஆனால் பெரும்பொழுது முல்லைக்குரிய கார். நிலங்கள் தம்முள் மயங்கா, பொழுது மயங்கலாம் என இலக்கணம் இடந்தருவதை நாம் அறிவோம். காரின் உரிப்பொருள் இருத்தல், அதாவது காத்திருத்தல். மழையும் மூடுபனியும் ஊரையே அடைத்துவிட, மாணவியரும் ஆசிரியரும் போலீசாரும் காத்திருக்கின்றனர். வாசகரும் அவர்களோடு காத்திருக்க நேர்கின்றது. கதையை நூலாசிரியர் வேண்டுமென்றே தாமதிக்கின்றார் என்ற எண்ணம் நமக்குத் தோன்றாமைக்குக் காரணம், தாமதத்தை மழையே செய்துவிடுவதுதான். நூலின் இடையில் கதை சொல்லும் பொறுப்பு நந்திதா என்னும் மாணவியிடம் மாறுகின்றது. ஆசிரியை கண்ட அதே இரவு மாணவியின் கண்ணுக்கு வேறோர் இரவாகின்றது. ஒரே கூரையின் கீழ் வாழும் இரு தலைமுறையினர் ஒருவரையொருவர் எவ்வளவு குறைவாக அறிவர் என்பதை இதனினும் சிறப்பாகக் காட்டல் அரிது. இறுதிப் பகுதியில் மட்டும் இரகசியங்கள் ஒன்றன்மேலொன்றாக அவிழ்ந்து, மழைக்காலத்தின் நிதானம் கலைந்துவிடுகின்றது. முடிவை ஈண்டு வெளியிடுதல் முறையன்று.

பொழுதையே மர்மமாக்கியவர் அவுஸ்திரேலிய எழுத்தாளர் ஜோன் லின்ட்சே. 1967இல் வெளிவந்த 'பிக்னிக் அற் ஹாங்கிங் றொக்' நாவலில், 1900ஆம் ஆண்டு பெப்ரவரி 14ஆம் நாள் அப்பிள்யாட் கல்லூரி மாணவியர் ஒரு பாறைக்குன்றுக்கு உல்லாசப் பயணம் செல்கின்றனர். நண்பகலிலே கடிகாரங்கள் நின்றுவிடுகின்றன. மாணவியர் மூவரும் ஓர் ஆசிரியையும் மறைகின்றனர். பின்னர் ஒருத்தி மட்டும் கிடைக்கின்றாள், அவளுக்கோ நினைவில்லை. மர்மத்தை விளக்கும் இறுதி அத்தியாயத்தைப் பதிப்பகத்தாரின் ஆலோசனைப்படி நீக்கியே நூலை வெளியிட்டனர். ஆசிரியர் மறைந்தபின் 1987இல் அது தனியே வெளிவந்தபோது, நீக்கியது சரியே என்பது புலனாயிற்று. விடை கிடைக்காமையால் அப்பாடசாலை சிறிது சிறிதாகச் சிதைவதே இந்நாவலின் உண்மையான பொருள். கசுவோ இஷிகுரோ 2005இல் எழுதிய 'நெவர் லெற் மீ கோ' நாவலின் ஹெயில்சம் பாடசாலையில் எவரும் கொலையுண்பதில்லை. தாம் எதன்பொருட்டு வளர்க்கப்படுகின்றோம் என்பதே அப்பிள்ளைகளுக்கு மறைபொருள். அதனைப் பெரியோர் சொல்லியும் சொல்லாமலும் வளர்க்கும் முறையைப் படிக்கையில், ஆசிரியத் தொழில் செய்வோர்க்கு நெஞ்சு சுடும்.

இம்மூன்றும் இளையோர்க்கென்றே அச்சிடப்பட்டவையல்ல. இளையோர்க்கென எழுதப்பட்டவற்றுள் மொறீன் ஜோன்சனின் 'றூலி டீவியஸ்' (2018) குறிப்பிடத்தக்கது. வெர்மொண்ட் மலையிலுள்ள எலிங்கம் பாடசாலையில், 1936இல் நடந்த ஆட்கடத்தலை ஸ்ரீவி என்னும் மாணவி இன்று துப்பறிகின்றாள். களன் நன்று, பெண்ணும் நன்று. ஆயின் முதல் நூல் விடையின்றி முடிந்து அடுத்த தொகுதியை வாங்கச் சொல்கின்றது. இத்தாமதம் மலையினால் விளைந்ததன்று, புத்தகச் சந்தையினால் விளைந்தது.

தமிழிலே இவ்வினம் ஒரு மரபாக வேரூன்றவில்லை. நடேச சாஸ்திரியார் 1894இல் தானவன் என்னும் போலீஸ் நிபுணனை அறிமுகப்படுத்திய நாள் தொட்டு, ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் வழியாகத் தமிழ்வாணனின் சங்கர்லால் வரை, நம் துப்பறிவோர் வயது வந்தவர்கள், வெளியிலிருந்து வருபவர்கள். பின்னர் வந்த வாரப் பத்திரிகைத் தொடர்கதையோ வாரந்தோறும் ஒரு திடுக்கத்தை வேண்டி நின்றது. நீறு பூப்பதற்கு அங்கே அவகாசமில்லை.

பொருள் இல்லாமையால் வந்த குறை இதுவென ஒருவரும் சொல்லவியலாது. 1823இல் தொடங்கி 1855 வரை நடைபெற்ற வட்டுக்கோட்டைச் செமினரியிலும், 1824இல் தோன்றிய உடுவில் மகளிர் விடுதிப் பாடசாலையிலும், பிள்ளைகளுக்கு அமெரிக்க நன்கொடையாளரின் பெயர்கள் சூட்டப்பட்டன. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை என நாம் மதிக்கும் பெயர்களின் முற்பாதி அவ்வாறு வந்ததே. ஒரு பெயரோடு வாயிலினுட் புகுந்து வேறொரு பெயரோடு துயிலும் சிறுவனைக் காட்டிலும் மர்ம நாவலுக்கு நல்ல தொடக்கம் யாது? இத்தீவின் முதல் தமிழ் நாவலெனப் போற்றப்படும் 'அசன்பேயுடைய கதை'யை 1885இல் எழுதியவர் நம் கண்டி மாநகரத்துச் சித்திலெப்பை. அதுவும் குழந்தைப் பருவத்திற் கவரப்பட்டுத் தன் பிறப்பறியாது வளரும் இளைஞனின் கதையே. ஆக, தொடக்கம் நம் ஊரிலேயே இருந்தது, தொடர்வோர் வாய்த்திலர்.

இன்னும் அண்மையது ஒன்றுண்டு. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத்தார் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. அனுப்புதல் பல்லாண்டு நீடித்தது. தலைமன்னார்க் கப்பற்சேவை 1984இல் நின்றபோதும் அது முற்றுப்பெற்றிருக்கவில்லை. தோட்டங்களிலிருந்து வந்து நகரப் பாடசாலைகளிற் பயின்ற பிள்ளைகளும் அக்குடும்பங்களில் இருந்தனர். தவணை தொடங்குகையில் விடுதியிலே ஒரு கட்டில் வெறுமையாயிருக்கும்; வரவுப் பதிவேட்டில் ஒரு பெயரின்மேற் கோடு விழுந்திருக்கும். வகுப்பாசிரியர் அடுத்த பெயரை வாசிப்பார். அருகிலிருந்த தோழன் யாரிடம் கேட்பான்? எத்துணைப் பேர் அறிந்திருந்தும் சொல்லவில்லை? இதனை எழுத முன்வருபவர்க்குத் துப்பறிவோன் வேண்டா, கொலையும் வேண்டா. பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவனும், கண்டி மலைகளில் ஐப்பசி கார்த்திகையிற் பெய்யும் மழையும், இரண்டு தவணைக் காலமும் போதும்.