மணிமேகலை எங்கே?

நமக்குப் பிடித்த கதையைச் சினிமாவாக எடுக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டால் சந்தோஷம் உண்டாவதுதான் நியாயம். ஆனால் அநேகமாக உண்டாவது பயம். பெண்ணைப் பெற்றவனுக்கு, பிள்ளை வீட்டார் பெரிய இடம் என்று தெரிந்த பிறகு ஏற்படுகிற பயத்தைப் போன்றது அது. பெரிய இடம்தான், நகைக்கும் பட்டுக்கும் குறைவிராது. ஆனால் போன இடத்தில் நம் பெண் நம் பெண்ணாகவே இருப்பாளா?

"பொன்னியின் செல்வன்" விஷயத்தில் இந்தப் பயம் தமிழ் வாசகர்களுக்கு அறுபது வருஷத்துக்கு மேல் நீடித்தது. 1950 அக்டோபரிலிருந்து 1954 மே வரையில் "கல்கி" பத்திரிகையில் வாரா வாரம் வந்த கதை அது. 1958-ல் எம்.ஜி.ஆர். அதைப் படமாக்கப்போவதாக அறிவித்தார், கைகூடவில்லை. அப்புறமும் பேச்சு எழும், அடங்கும். கடைசியில் மணிரத்னம் அதை இரண்டு பாகமாக எடுத்து, 2022 செப்டம்பரில் ஒன்றும் 2023 ஏப்ரலில் ஒன்றுமாக வெளியிட்டார்.

பட்டுக்கோட்டையில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். நெல் வியாபாரி. பத்திரிகையிலிருந்து கிழித்து, ஊசி நூல் கொண்டு தைத்து, காலிகோ அட்டை போட்ட ஐந்து தொகுதிகள் அவர் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. அவருடைய தாயார் சேர்த்தது. படம் வந்தபோது ஊரே போயிற்று, அவர் போகவில்லை. காரணம் கேட்டேன். "எனக்கு நந்தினியைத் தெரியுமுங்க. இனிமே யாரையோ கொண்டாந்து நிறுத்தி, இதுதான் நந்தினின்னு சொன்னா, நான் தெரிஞ்சு வச்சிருக்கிறவ எங்கே போவா?" என்றார்.

இதைக் கேட்டுச் சிரிப்பது சுலபம். அவருக்குத் தெரிந்த நந்தினியும் முழுக்க அவர் கற்பனையில் பிறந்தவள் அல்லவே! ஓவியர் மணியம் அந்தத் தொடருக்குப் படம் போட்டார். நந்தினியின் கொண்டையையும் குந்தவையின் நெற்றியையும் ஆழ்வார்க்கடியானின் குடுமியையும் தமிழ்நாடு அவர் கோடுகளில்தான் முதலில் பார்த்தது. கதை மறுபடி தொடராக வந்த காலங்களில் வினுவும் பத்மவாசனும் வரைந்தார்கள். ஓவியர்களின் நந்தினியை ஏற்றுக்கொண்டவர், நடிகையின் நந்தினியைக் கண்டு மட்டும் ஏன் பயப்படவேண்டும்?

காரணம் இருக்கிறது. ஓவியம் பேசாது. வாரத்துக்கு ஒரு தோற்றத்தைக் காட்டிவிட்டு ஒதுங்கி நின்றுகொள்ளும். அந்தத் தோற்றத்துக்குக் குரலும் நடையும் பார்வையும் கொடுத்தவர்கள் வாசகர்கள். அடுத்த இதழ் வரும் வரைக்கும் ஏழு நாள் அவர்களுக்கு அவகாசம் இருந்தது. மூன்றரை வருஷம் இந்த வேலையைச் செய்தவர்களுக்குக் கதையில் ஒரு பாத்தியதை வந்துவிடுகிறது. சினிமாவோ எல்லாவற்றையும் தானே செய்துவிடுகிறது. நமக்கு வேலை வைப்பதில்லை. ஐந்து பாகமும் முடிய ஐந்தரை மணி நேரம். அதுவும் இரண்டு தவணையில்.

கல்கிக்கே இந்தப் பயம் இருந்ததாகத் தோன்றவில்லை. அவருடைய "தியாக பூமி", கே. சுப்ரமணியம் படம் எடுத்துக்கொண்டிருந்த அதே சமயத்தில் "ஆனந்த விகட"னில் தொடராக வந்தது. சித்திரங்களுக்குப் பதில் படத்தின் புகைப்படங்களையே அச்சிட்டார்கள். வாசகர்கள் முதலிலிருந்தே நடிகர்களின் முகத்தோடு கதையைப் படித்தார்கள். 1939-ல் படம் வந்தபோது புதிய முகங்களைக் கண்டு திகைக்கவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. ஆகவே முகம் மாறுவது மட்டும் பெரிய ஆபத்தல்ல. கொஞ்ச நாளில் பழகிவிடும். என்னைக் கேட்டால், பயப்படவேண்டிய இடம் வேறே.

மணிரத்னத்தின் படத்தில் நல்ல அம்சங்கள் பல உண்டு. ரவிவர்மனின் ஒளிப்பதிவும் ஏ.ஆர். ரஹ்மானின் சங்கீதமும் குறைசொல்லும்படி இல்லை. ஆதித்த கரிகாலனாக விக்ரமும் நந்தினியாக ஐஸ்வர்யா ராயும் எதிரெதிரே நிற்கும்போது, புத்தகத்தை அறிந்தவர்களுக்கும் நெஞ்சு ஒரு கணம் நிற்கிறது. ஒரு ராஜகுமாரனைப் பழைய காதல் தின்று தீர்க்கிற கதை என்று இதைப் புரிந்துகொண்டு, அந்தக் கதையை நேர்த்தியாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் புத்தகம் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். முதல் பாகத்தின் பெயர் "புது வெள்ளம்". ஆடிப் பெருக்கு நாள். ஒரு வாலிபன் வீரநாராயண ஏரிக் கரையில் குதிரையை மெள்ள நடத்திக்கொண்டு போகிறான். 74 கணவாய்களின் வழியாகவும் தண்ணீர் பாய்கிறது. ஜனங்கள் குடும்பம் குடும்பமாக வந்து கரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், பாடுகிறார்கள். ராஜ்யத்தைப் பற்றிய கவலை வருவதற்கு முன்னால், அந்த ராஜ்யத்தில் யார் வாழ்கிறார்கள் என்பதை ஆசிரியர் நமக்குக் காட்டிவிடுகிறார். படமோ ஒரு போர்க்களத்தைக் காட்டித் தொடங்குகிறது.

காவேரிச் சீமைக்காரனுக்கு இந்த வித்தியாசம் சட்டென்று உறைக்கும். பட்டுக்கோட்டைக்குக் காவேரி நேராக வருவதில்லை. மேட்டூர்த் திட்டத்தோடு வெட்டிய கல்லணைக் கால்வாயில்தான் வருகிறது. அதை நாங்கள் புது ஆறு என்போம். "தண்ணி ஒரத்தநாடு தாண்டிடிச்சா?" என்று விசாரிப்பது இங்கே சாதாரண க்ஷேமலாபத்தில் சேர்ந்தது. "புது வெள்ளம்" என்ற இரண்டு சொல்லுக்கு எங்களிடம் உரை தேவையில்லை. படப்பிடிப்பு தாய்லாந்து, ஹைதராபாத், மத்தியப் பிரதேசத்து ஓர்ச்சா என்று பல இடங்களில் நடந்தது. அதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. இன்றைய தஞ்சாவூரில் பஸ் நிலையத்தையும் செல்போன் கோபுரத்தையும் எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? வீரநாராயண ஏரியேகூட இன்றைக்கு வீராணம் என்ற பெயரோடு குழாய் வழியாகச் சென்னைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. இடம் மாறினால் பாதகமில்லை. ஏரிக் கரையில் சோற்று மூட்டையை அவிழ்த்தவர்கள் கதைக்கு வெளியே போய்விட்டார்களே, அதுதான் பாதகம்.

அவர்களோடு இன்னும் இரண்டு பேர் போய்விட்டார்கள்.

ஒருவன் சேந்தன் அமுதன். தஞ்சையில் ஊமைத் தாயோடு ஒரு நந்தவனத்தில் குடியிருந்து, கோயிலுக்குப் பூமாலை கட்டிக் கொடுத்து, தேவாரம் பாடிக்கொண்டிருக்கிறவன். புத்தகத்தில் சோழ சிங்காதனம் கடைசியில் அவனிடம் வருகிறது. செம்பியன் மாதேவியின் உண்மையான பிள்ளை அவன்தான் என்று தெரியவருகிறது. கிரீடத்தை எடுத்துக்கொள்ளக்கூடிய அருள்மொழிவர்மன், அதை வேண்டாத ஒருவன் தலையில் வைக்கிறான். வேண்டாதவர்கள் இருவருக்கு நடுவே கிரீடம் தத்தளிப்பதனால்தான் ஐந்தாம் பாகத்துக்குத் "தியாகச் சிகரம்" என்ற பெயர் பொருந்துகிறது. படத்தில் சேந்தன் அமுதன் ஓரமாக வந்து போகிறான். அந்த ரகசியம் அவனுக்குக் கிடையாது. கிரீடம், அதை விரும்பிச் சதியில் சேர்ந்த மதுராந்தகனுக்கே போகிறது. தியாகம் இருக்கிறது, ஆனால் அது இப்போது ஒரு சமரச ஏற்பாடு மாதிரி ஆகிவிட்டது.

சரித்திரத்தில் சேந்தன் அமுதன் கிடையாதே என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். வாஸ்தவம். ஆனால் நந்தினியும்தான் சரித்திரத்தில் கிடையாது. அவளும் கல்கியின் கற்பனை. இரண்டு கற்பனைகளில் அரண்மனையில் இருந்தவள் பிழைத்தாள். நந்தவனத்தில் இருந்தவன் பிழைக்கவில்லை.

இன்னொருத்தி மணிமேகலை. கடம்பூர் மாளிகைப் பெண், கந்தமாறனின் தங்கை. அண்ணன் தன் சிநேகிதனைப் பற்றி வாய் ஓயாமல் சொன்னதைக் கேட்டே வந்தியத்தேவன்மேல் மனத்தை வைத்தவள். அவன் மனம் இளைய பிராட்டியிடம் இருக்கிறது என்று தெரிந்தும் மாறாதவள். கரிகாலன் கொலையுண்டபோது, பழி அவன்மேல் விழாமல் இருப்பதற்காக, "நான்தான் கொன்றேன்" என்று முன்வந்தவள். இத்தனை ராஜாக்களும் ராணிகளும் நிறைந்த புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தைக் கல்கி யாருக்குக் கொடுத்தார்? பட்டாபிஷேகத்துக்கு அல்ல, இந்தப் பெண்ணின் மரணத்துக்கு. படத்தில் மணிமேகலை கிடையவே கிடையாது.

சுருக்கத்தான் வேண்டும், யாரையாவது விடத்தான் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் யாரை விடுகிறோம் என்பதில்தான் கதையை எப்படிப் படித்தோம் என்பது வெளியாகிறது. கொத்தமங்கலம் சுப்பு "கலைமணி" என்ற பெயரில் எழுதிய "தில்லானா மோகனாம்பாள்" தொடரும் இப்படித்தான் நீண்ட கதை. ஏ.பி. நாகராஜன் 1968-ல் அதைப் படமாக்கியபோது அவரும் எவ்வளவோ வெட்டினார். ஆனால் சவடால் வைத்தியையும் ஜில் ஜில் ரமாமணியையும் அவர் கைவிடவில்லை. சிவாஜி கணேசனும் பத்மினியும் நிற்கிற அதே பந்தலில் நாகேஷுக்கும் மனோரமாவுக்கும் ஆசனம் போட்டார். அதனால்தான் அந்தப் படம் கச்சேரியாக மட்டும் இல்லாமல், ஊராகவும் இருக்கிறது.

ஆகவே அடுத்த முறை உங்கள் அபிமானக் கதை சினிமாவாகப் போகிறது என்று சேதி வந்தால், கதாநாயகியாக யார் வருகிறார் என்று விசாரித்துக் கவலைப்படாதீர்கள். அரசர்களைப் பற்றியும் கவலை வேண்டாம். அவர்களுக்குப் பெரிய நடிகர்கள் கிடைப்பார்கள்; குதிரையும் கிடைக்கும். பூத்தொடுக்கிறவனும், சொல்லாத காதலோடு செத்துப்போகிறவளும் இருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். நம்மைப் போன்ற சாதாரண மனிதர்கள் ராஜாக்கள் கதைக்குள் நுழைவது அவர்கள் வழியாகத்தான்.

படத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகம் வாங்கியவர்கள் நிறையப் பேர். அது சந்தோஷமான விஷயம். அவர்கள் புத்தகத்தைத் திறக்கும்போது வந்தியத்தேவன் கார்த்தியாகத்தான் குதிரையில் வருவார். குந்தவை திரிஷாவாகத்தான் சிரிப்பார். தடுக்க முடியாது. ஆனால் கடம்பூர் மாளிகையின் அந்தப்புரத்துக்குப் போனதும், அவர்களுக்கு அறிமுகமே இல்லாத ஒரு பெண் ஓடிவருவாள். சினிமா அவளுக்கு எந்த முகத்தையும் கொடுக்கவில்லை. அவளுக்கு முகமும் குரலும் அவர்களேதான் கொடுத்தாகவேண்டும்.