கடலில் நட்ட கல்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் குடவோலை விதிகளை வெட்டி வைத்தார்கள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயர் மறுபடி ஓலையில் ஏறாது. அவர் சொந்தக்காரர்கள் பெயரும் ஏறாது. விதியை எழுதியது சபை, மீறியவரை ஒதுக்கி வைத்ததும் அதே சபை. இன்றும் எங்கள் பக்கம் வரப்புத் தகராறு என்றால் சர்வேயர் அளந்து கல் நடுவார். ஒப்பாதவர் முன்சீப் கோர்ட்டுக்குப் போவார். எதிராளியிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு யாரும் வழக்குப் போடுவதில்லை.

நாடுகளுக்கு இடையே அந்தச் சம்மதம் வேண்டும். சர்வதேசச் சட்டத்தின் பலமும் பலவீனமும் அங்கேதான் தொடங்குகின்றன. கச்சத்தீவு அதற்கு நம் வீட்டு வாசலிலேயே இருக்கும் சாட்சி.

285 ஏக்கர், குடிக்கத் தண்ணீர் கிடையாது, ஒரு அந்தோணியார் கோயில். ராமநாதபுரம் சேதுபதிகளின் ஜமீனில் இருந்த தீவு என்பது நம் வாதம். 1921 பேச்சுவார்த்தையிலேயே உரிமை கோரினோம் என்பது இலங்கையின் வாதம். 1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், தீவுக்கு மேற்கே சுமார் ஒரு மைல் தள்ளிக் கோடு போட்டது.

இதன் நல்ல பக்கத்தை நாம் பேசுவதே இல்லை. இந்தத் தீவுக்காக இரு நாட்டுப் போர்க்கப்பல்களும் மோதிக்கொண்டதில்லை. வங்கக் கடலிலும் இப்படித்தான்: 2014ல் நடுவர் மன்றம், தகராறில் இருந்த 25,602 சதுர கிலோமீட்டரில் 19,467ஐ வங்கதேசத்துக்குக் கொடுத்தது, இந்தியா ஏற்றுக்கொண்டது. ஆனால் தென்சீனக் கடலில் தன் உரிமைக் கோரிக்கையை நிராகரித்த 2016 நடுவர் தீர்ப்பைச் சீனா குப்பையில் போட்டது. தீர்ப்பை நடத்தி வைக்க அமீனா யாரும் இல்லை. ஏற்பவன் பெருந்தன்மையில்தான் வண்டி ஓடுகிறது.

கச்சத்தீவில் கோளாறு வாசகத்திலேயே இருந்தது. இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போல விசா இல்லாமல் தீவுக்கு வந்து போகலாம் என்றது 5வது பிரிவு. இரு நாட்டுப் படகுகளுக்கும் மற்றவர் கடலில் வழக்கமாக இருந்த உரிமைகள் தொடரும் என்றது 6வது பிரிவு. மீன் பிடிக்கலாமா என்று ஒரு வரி இல்லை. வலை காயப்போடலாம், பிரார்த்தனை செய்யலாம் என்று ஒரு தரப்பு படித்தது. தொழில் செய்யலாம் என்று ராமேஸ்வரம் படித்தது. 1976 மார்ச்சில் இரு வெளியுறவுச் செயலர்களும் மாற்றிக்கொண்ட கடிதங்கள் ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிப்பதைத் தடுத்தன. 1974 ஆகஸ்டில் ஒப்பந்தத்தை எதிர்த்துத் தீர்மானம் போட்ட தமிழக அரசு, அந்தக் கடிதங்களுக்குச் சுமார் இரண்டு மாதம் முன்பே கலைக்கப்பட்டிருந்தது. கடலில் நின்றவனிடம் கேட்காமல் போட்ட எல்லை இது.

சரி, உலக நீதிமன்றம் போகலாமே என்பார்கள். காமன்வெல்த் நாடுகளுடனான வழக்குகளில் அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்க மாட்டோம் என்று எழுதி வைத்திருப்பது இந்தியாவேதான். பாகிஸ்தான் தன் விமானம் சுடப்பட்டதற்காகத் தொடுத்த வழக்கு 2000ல் அந்த வாசகத்தில் மோதித்தான் விழுந்தது. அன்று நம்மைக் காத்த கதவு இன்று நமக்கே பூட்டு. மீனவனோ அங்கே கட்சிக்காரனே அல்ல.

உள்நாட்டுச் சட்டத்துக்கு வந்தால், மேற்கு வங்கத்துப் பெருபாரியைப் பாகிஸ்தானுக்குப் பிரித்துக் கொடுக்கும் விவகாரத்தில் 1960ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, நாட்டின் நிலத்தை விட்டுக்கொடுக்க அரசியல் சட்டத் திருத்தம் வேண்டும். கச்சத்தீவு விட்டுக்கொடுத்ததல்ல, தகராறான எல்லையைத் தீர்த்துக்கொண்டது என்கிறது மத்திய அரசு. இந்த வாதம் எனக்குத் திருப்தி தரவில்லை. ஆனாலும் உள்நாட்டு விதியைக் காட்டி ஒப்பந்தத்திலிருந்து நழுவ சர்வதேசச் சட்டம் எளிதில் விடாது. சூழ்நிலை மாறிவிட்டது என்ற காரணமும் எல்லை ஒப்பந்தத்துக்குச் செல்லாது. 2025 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய மீட்புத் தீர்மானம் மனக்குறையின் பதிவு. சட்டத்தில் அதற்குக் கால் ஊன்ற இடம் குறைவு.

தீவை மீட்டாலும் இலங்கைக் கடற்படை நம் மீனவரைக் கைது செய்வது நிற்குமா? நம் விசைப்படகுகள் பல, தீவைத் தாண்டி நெடுந்தீவுப் பக்கம் வரை போகின்றன. இழுவைமடி அரித்தெடுப்பது போரில் எல்லாம் இழந்த யாழ்ப்பாண, மன்னார் மீனவரின் கடலை. அவர்களும் தமிழர்கள்தான், இதை மேடையில் யாரும் சொல்வதில்லை. இலங்கை 2017ல் இழுவைமடியைத் தடை செய்தது.

செங்கடலில் எரித்திரியாவுக்கும் ஏமனுக்கும் இருந்த தீவுத் தகராறில் நடுவர் மன்றம் 1998ல் முக்கியத் தீவுகளை ஏமனுக்குக் கொடுத்தது. இரு கரை மீனவர்களின் பாரம்பரியத் தொழிலையும் காத்தது. பெரிய அளவு வணிக மீன்பிடிப்பு அதில் சேராது என்று 1999ல் பிரித்துச் சொன்னது. யார் தீவு என்ற கேள்வியையும் யார் வலை என்ற கேள்வியையும் தனித்தனியே பார்த்த தீர்ப்பு அது.

தமிழகம் டெல்லியிடம் கேட்க வேண்டியது அதைத்தான்: 1976 கடிதங்களைத் திறந்து, நாட்டுப்படகுக்கு நாள், எல்லை, வலை வகை குறித்து ஒரு உரிமை எழுதுங்கள், எழுதும்போது பாம்பன் மீனவரும் நெடுந்தீவு மீனவரும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும்.